தட்டினால் பாடும் இரும்பு: பாஷே சகோதரர்கள் வழியில் வீட்டிலேயே ஓர் ஒலிச் சிற்பம்

ஓர் எவர்சில்வர் கரண்டியும் ஒரு மீட்டர் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நடுவில் கரண்டியின் காம்பைக் கட்டுங்கள். நூலின் இரு முனைகளையும் ஆள்காட்டி விரல்களில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே விரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு லேசாகக் குனியுங்கள். தொங்கும் கரண்டி மேசை விளிம்பில் இடிக்கட்டும். பக்கத்தில் நிற்பவருக்கு 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்கும். உங்களுக்குக் கோயில் மணி கேட்கும்.

அந்த மணி ஒலி எப்போதுமே கரண்டிக்குள் இருந்ததுதான். கரண்டி சிறியது, அதனால் காற்றைத் தள்ளும் பரப்பு அதற்குப் போதவில்லை. நூல் வழியாக அதிர்வு நேராகக் காதுக்குள் போனதும் முழுசாகக் கேட்டுவிட்டது. இரும்புக்குள் அடைந்து கிடக்கும் இந்தச் சத்தத்தை நூலும் மின்சாரமும் இல்லாமல் அறை முழுக்கக் கேட்கவைப்பது எப்படி? பாரிஸைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்வியோடு கழித்தார்கள்.

அண்ணன் பெர்னார் பாஷே (1917–2015) பொறியாளர். தம்பி ஃபிரான்ஸ்வா பாஷே (1920–2014) சிற்பி. தம்பிதான் ஆரம்பித்து வைத்தார். நெடும்பயணத்தில் கிடார் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டதால், மரப்பெட்டிக்குப் பதில் காற்றூதிய பிளாஸ்டிக் பையை ஒலிப்பெட்டியாக வைத்து, பிரித்து மடித்து எடுத்துப்போகக்கூடிய கிடார் ஒன்றைச் செய்தார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அது வேலை செய்தது. 1952இல் இருவரும் உருவாக்கிய 'கிரிஸ்டல் பாஷே' இன்றும் உலக மேடைகளில் வாசிக்கப்படுகிறது. அதில் வரிசையாகக் கண்ணாடித் தண்டுகள் இருக்கும். ஈர விரலால் அவற்றைத் தடவ வேண்டும். பின்னால் தீக்கொழுந்து போல வெட்டிய பெரிய உலோகத் தகடு நிற்கும். மின்சாரம் துளியும் கிடையாது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் எஃகு அரங்குக்காக ஃபிரான்ஸ்வா 17 ஒலிச் சிற்பங்களைச் செய்தார். அந்த அரங்கின் இசைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் இசையமைப்பாளர் தோரு தகேமிட்சு. கூட நின்று உழைத்த ஜப்பானிய உதவியாளர்களின் பெயர்களையே சிற்பங்களுக்கு வைத்தார் ஃபிரான்ஸ்வா: இக்கேடா ஃபோன், கவகாமி ஃபோன் என்று. இந்த விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது அவர்களுடைய எந்த ஒரு கருவியின் நகலும் அல்ல. அவர்களுடைய வழிமுறையை எடுத்துக்கொண்டு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாமான்களில், மேசை மேல் நிற்கக்கூடிய ஆறு சுரக் கருவி ஒன்றைச் செய்யப்போகிறோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

வேலைக்கு முன் ஒரு கணக்கு

எந்த அக்கௌஸ்டிக் கருவியையும் பாஷே சகோதரர்கள் நான்கு வேலைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதிரும் பொருள் ஒன்று. அதை அதிரவைக்கும் வழி ஒன்று. சுரத்தை மாற்றும் ஏற்பாடு ஒன்று. அதிர்வைக் காற்றுக்குக் கடத்தும் பரப்பு ஒன்று. வீணையில் இவை தந்தி, மீட்டும் விரல், மெட்டுகள், குடம்.

இப்படிப் பிரித்தவுடன் ஒரு விளையாட்டு தொடங்கிவிடும். தந்தியை எடுத்துவிட்டுக் கம்பியை வைத்தால்? குடத்துக்குப் பதில் பலூன் வைத்தால்? மீட்டுவதற்குப் பதில் தடவினால்? நான்கில் ஒன்றை மாற்றினாலும் புதுக் கருவி கிடைத்துவிடும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்கள் அறியாமலே இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான்.

நம் கருவியில் அதிரும் பொருள் திருகு வெட்டிய இரும்புக் கம்பி, கடைக்காரர் மொழியில் 'த்ரெட் ராடு'. பாஷே கருவிகளின் உள்ளேயும் உலோகக் கம்பிகள்தான் இருக்கின்றன. கண்ணாடியைத் தடவினாலும் சுரத்தைத் தீர்மானிப்பது அதனுடன் இணைந்த கம்பியே. திருகு வெட்டிய கம்பியால் நமக்கு என்ன வசதி என்பது மூன்றாம் படியில் தெரியும்.

வாங்க வேண்டியவை

8 எம்.எம். த்ரெட் ராடு ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு. அதற்கான நட்டு முப்பது, வாஷர் இருபது, அகலமான பெரிய வாஷர் இரண்டு. இரும்பு ஃபிளாட் பட்டை ஒன்று: 50 எம்.எம். அகலம், 10 எம்.எம். தடிமன், 45 செ.மீ. நீளம். கிரில் பட்டறையில் வெட்டித் துளையும் போட்டுத் தருவார்கள். எடை ஏறக்குறைய 1¾ கிலோ வரும். பழைய ஆஃப்செட் அலுமினியத் தகடு ஒன்று, அச்சகத்தில் கேட்டால் எடைக்குப் போடுவார்கள். தேய்ந்த ஹவாய் செருப்பு ஒன்று. 13 எம்.எம். ஸ்பேனர் இரண்டு, ஹேக்சா, அரம், டெஃப்லான் டேப், கையுறை.

பட்டையின் எடையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முதல் முறை நான் மாம்பலகையில் துளை போட்டுக் கம்பிகளை நட்டேன். தட்டினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்பி அதிர வேண்டிய சக்தியையெல்லாம் பலகை உள்ளே வாங்கிக்கொண்டது. அதே கம்பிகளை இரும்புப் பட்டையில் மாட்டியபோது ஒவ்வொன்றும் நின்று பாடியது. வேரை அசையவிடாத கனமான அடித்தளம் இருந்தால்தான் நுனி நெடுநேரம் ஆடும்.

படி 1: அடித்தளம்

பட்டையில் 6 செ.மீ. இடைவெளியில் ஏழு துளைகள், ஒவ்வொன்றும் 8.5 எம்.எம். ஆறு துளை கம்பிகளுக்கு, ஓரத்துத் துளை தகட்டுக்கு. துளையின் பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வாஷர் சமமாக உட்காராவிட்டால் பிற்பாடு ஒரு 'கிர்ர்' சத்தம் வந்து, எங்கிருந்து வருகிறது என்று அரைநாள் தேடவைக்கும்.

படி 2: கம்பிகளை வெட்டுதல்

ஒரு முனை இறுகி, மறுமுனை சும்மா நிற்கும் கம்பியின் சுரம் அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். தந்தியைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும். கம்பியைப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும்! ஒரே ஒரு ஸ்தாயி ஏற நீளத்தை 0.707 மடங்காகக் குறைத்தால் போதும். வீணைப் பழக்கத்தில் கம்பியை வெட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

8 எம்.எம். த்ரெட் ராடு 20 செ.மீ. நீட்டி நின்றால் விநாடிக்குச் சுமார் 120 அதிர்வுகள். அதை ஆதார ஸட்ஜமாக வைத்து மோகனத்தில் சுருதி சேர்ப்போம். மோகனத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், ஐந்தே சுரம், எதை எதோடு சேர்த்துத் தட்டினாலும் காதை உறுத்தாது. குழந்தைகள் ஒரே நேரத்தில் நாலு பேர் பாய்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீளங்கள் இப்படி வரும்: ஸ 20 செ.மீ., ரி 18.9, க 17.9, ப 16.3, த 15.5, மேல் ஸ 14.1. இவை மேல் நட்டுக்கு மேலே தெரியும் நீளங்கள் மட்டுமே. பட்டை, நட்டு, வாஷர், சரிசெய்யும் இடம் எல்லாவற்றுக்குமாக ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு நட்டைக் கம்பியில் ஏற்றி, வெட்டும் இடத்துக்கு உள்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி முடித்து அந்த நட்டைக் கழற்றும்போது, நசுங்கிய திருகை அதுவே நேராக்கிவிடும். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்திதான். எனக்கு ஒருவர் சொல்லித்தரும்வரை நான் அரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

படி 3: நடுதலும் சுருதி சேர்த்தலும்

கம்பியைத் துளையில் விட்டு, பட்டைக்கு மேலே ஒரு வாஷர், ஒரு நட்டு, கீழேயும் அதே போல. இரண்டு ஸ்பேனரையும் எதிரெதிராகப் பிடித்து நன்றாக இறுக்குங்கள். இறுக்கம் குறைந்தால் சுரமும் இறங்கும், ஒலியும் சீக்கிரம் அணையும்.

இப்போது திருகின் வசதி. சுருதி வெகுவாக விலகியிருந்தால் நட்டுகளைத் தளர்த்திக் கம்பியை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். நுணுக்கமாகச் சேர்க்க வேறு வழி இருக்கிறது. கம்பியின் நடு உயரத்தில் ஒரு நட்டை ஏற்றிவிடுங்கள். அதை நுனியை நோக்கித் திருகினால் சுரம் இறங்கும், வேரை நோக்கித் திருகினால் ஏறும். அதே 5 கிராம் எடைதான், ஆனால் அதிகம் ஆடும் இடத்தில் உட்காரும்போது அதிகம் இழுக்கிறது. நுனிக்கே கொண்டுபோனால் ரி நின்ற இடத்தில் ஸ வந்து நிற்கும், அதற்கும் கீழே போகலாம். நடுவில் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு மயிரிழை அளவுதான் மாறும். மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சேர்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

நட்டு தனியாக நின்றால் கிணுகிணுக்கும். அந்த இடத்தில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் நட்டை ஏற்றினால் அடங்கும். ஒரு கம்பியில் மட்டும் அந்தக் கிணுகிணுப்பை விட்டுவைத்துப் பாருங்கள். தம்புராவின் குதிரையில் நூல் வைத்து ரீங்காரம் வரவழைக்கிறவர்களுக்கு அதன் ருசி புரியும்.

போனில் இருக்கும் ட்யூனர் ஆப் இங்கே அடிக்கடி உளறும். காரணம் உண்டு. தந்தியின் மேல் அதிர்வுகள் 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒருமுனை இறுகிய கம்பியிலோ அடிப்படைக்கு அடுத்த அதிர்வு 6.27 மடங்கில் இருக்கிறது. மணியின் கணீர் இந்த ஒழுங்கின்மையிலிருந்துதான் வருகிறது. ஆப் சில நேரம் அந்த மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு சாதிக்கும். மிருதுவான கோலால் நுனிக்குப் பக்கத்தில் தட்டினால் அடிப்படைச் சுரம் ஓங்கும். ஆப்பைவிடக் காதை நம்புவது உத்தமம்.

படி 4: இலை

இதுவரை செய்ததைத் தட்டினால் அழகாகக் கேட்கும், ஆனால் மெல்லிசாக. கரண்டியின் கதைதான். இனி அதிர்வைக் காற்றுக்குத் தரும் பெரிய பரப்பு வேண்டும். எனக்குக் கருவியிலேயே பிடித்த பகுதி இது. பாஷே சிற்பங்களைப் புகைப்படத்தில் பார்த்தவுடன் அடையாளம் காட்டுவதும் இந்தப் பகுதிதான்: பூவின் இதழ் போல, தீயின் நாக்கு போல விரியும் தகடுகள். பார்வைக்காக வைத்தது என்று தோன்றும். சத்தத்தின் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வெளியே வருகிறது.

நல்ல பரப்புக்கு இரண்டு குணம் வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஒரு ஏ4 தாளை ஓரத்தில் பிடித்து நீட்டுங்கள், தொங்கிப்போகும். பிடித்த ஓரத்தை லேசாக வளைத்து நீட்டுங்கள், விறைத்து நிற்கும். தாள் அதேதான், வளைவு மட்டும் கூடியிருக்கிறது. பனையோலை அவ்வளவு பெரிதாக விரிந்தும் துவளாமல் நிற்பது அதன் மடிப்புகளால்தான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆஃப்செட் தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு இலை வடிவம் வரைந்து, அடி குறுகலாகவும் மேல் அகலமாகவும் வெட்டுங்கள். ஓரம் முழுக்க மணல்தாள் தேய்த்து, குழந்தைகள் தொடுமிடத்தில் டேப் ஒட்டுங்கள். பிறகு நடுநரம்பு போல மேலிருந்து கீழ் லேசாக ஒரு மடிப்பு. இருபுறமும் பாட்டிலின் மேல் வைத்து உருட்டி மெல்ல வளையுங்கள். தகட்டைத் தூக்கிப் பிடித்து விரல் நகத்தால் சுண்டினால், தட்டையாக இருந்தபோது வந்த 'வள வள' போய் 'டங்' என்று வர வேண்டும். அதுவரை வளையுங்கள்.

ஏழாவது துளையில் 12 செ.மீ. கம்பி ஒன்றை இறுக்கி, இலையின் குறுகிய அடியில் துளை போட்டு, இரண்டு பெரிய வாஷர்களுக்கு நடுவே வைத்து நட்டால் முடுக்குங்கள். இலை கம்பியின்மேல் கிடைமட்டமாகத் தொடங்கும். அடியில் மடக்கி மேலே நிமிர்த்திவிடுங்கள்.

இப்போது ஸ கம்பியைத் தட்டிவிட்டு, இலையின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பாருங்கள். கை கூசும். சத்தம் கம்பியிலிருந்து வராமல் இலையிலிருந்து வருவதைக் காது கண்டுபிடித்துவிடும். முதல் முறை இதைக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஃபிரான்ஸ்வாவின் பலூனையும் விட்டுவிட வேண்டாம். நன்றாக ஊதிய பலூன் ஒன்றைப் பட்டையின் மறுமுனையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். கீழ்ச் சுரங்களில் வரும் மாற்றத்தைக் கேட்டுப் பாருங்கள்.

படி 5: கால்கள்

பட்டையை நேராக மேசைமேல் வைத்தால் அதிர்வு மேசைக்குப் போய்விடும். செருப்பு ரப்பரை நான்கு துண்டுகளாக வெட்டி, கீழ் நட்டுகள் மேசையைத் தொடாத உயரத்துக்கு அடுக்கி ஒட்டுங்கள். பட்டையின் இரு ஓரங்களிலிருந்தும் சுமார் 10 செ.மீ. உள்ளே. சுதந்திரமாக அதிரும் பட்டையில், நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளி இருக்கும் இடங்கள் ஏறக்குறைய அசைவற்றவை. அங்கே தாங்கினால் அதிர்வு கெடாது.

படி 6: கோல்கள்

மூன்று விதம் செய்துகொள்ளுங்கள். மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றியது ஒன்று, வெறும் குச்சி ஒன்று. மூன்றாவதுதான் வேடிக்கை. நன்றாகத் துள்ளும் சின்ன ரப்பர் பந்தில் துளை போட்டுக் குச்சியில் செருகுங்கள். அதைக் கொண்டு தட்ட வேண்டாம். இலையின்மேல் அழுத்தி மெதுவாக இழுங்கள். திமிங்கிலம் முனகுவது போல ஒரு சத்தம் வரும். முதல் தடவை வீட்டில் இருப்பவர்கள் என்ன உடைந்தது என்று கேட்டு வருவார்கள்.

படி 7: கண்ணாடி, பொறுமை இருந்தால் மட்டும்

கிரிஸ்டல் பாஷேயின் குரல் இங்கேதான் பிறக்கிறது. ஆய்வகச் சாமான் கடையில் 6 எம்.எம். கண்ணாடித் தண்டு ஒன்று, 20 செ.மீ. நீளத்தில் வாங்குங்கள். இரு முனைகளும் தீயில் உருக்கி மழுக்கியதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெட்டிய முனை விரலைக் கிழித்துவிடும்.

ஒரு கம்பிக்குச் செங்குத்தாக, படுக்கைவாட்டில், தண்டின் ஒரு முனையை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். இலவச முனை உங்களைப் பார்க்க வேண்டும். நடு உயரத்தில் ஆரம்பித்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்த பிறகே எபாக்சி பசை. கண்ணாடியின் எடையால் சுரம் கணிசமாக இறங்கும், கம்பியை மறுபடி சுருக்கிச் சேர்க்க வேண்டிவரும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் விரல் வழுக்கிக்கொண்டே போகும், சத்தம் வராது. வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு நான் ஒரு மாலை முழுக்கத் தடவியிருக்கிறேன். விரலை வெறும் தண்ணீரில் நனைத்து, தண்டின்மேல் வைத்து, உங்களை நோக்கி மிக மெதுவாக இழுங்கள். ஈர விரல் கண்ணாடியைக் கணநேரம் பற்றும், நழுவும், மறுபடி பற்றும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். அந்தப் பற்றி நழுவுதல் கம்பியின் ஆட்டத்தோடு தாளம் சேரும்போது, தட்டாமலே கம்பி பாட ஆரம்பிக்கும், விரல் போகும்வரை நிற்காது. அழுத்தம் கூடினால் சத்தம் தடைபடும், குறைந்தால் காற்றாகிவிடும். ஒரு மணி நேரம் எதுவும் வராமல், திடீரென்று வரும்.

படி 8: மற்றவர்கள் கைக்குக் கொடுத்தல்

பெர்னார் பின்னாளில் குழந்தைகளுக்காகவே 14 ஒலிக் கருவிகள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார். எதையும் முன்கூட்டிக் கற்றிருக்கத் தேவையில்லை. சுரம் தெரியாத கையும் தொட்டவுடன் சத்தம் வர வேண்டும் என்பதுதான் திட்டம். ஆகவே உங்கள் சிற்பத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். திண்ணையோ வரவேற்பறை மூலையோ, கைபடும் உயரத்தில் இருக்கட்டும்.

வைக்கும் முன் சில காரியங்கள். கம்பிகளின் நுனிகளில் ரப்பர் மூடி போடுங்கள், குனியும் குழந்தையின் கண் உயரத்தில் அவை நிற்கின்றன. மூடியின் எடைக்கும் சேர்த்துச் சுருதியைத் திருத்துங்கள். கண்ணாடித் தண்டு பொருத்தியிருந்தால், சின்னக் குழந்தைகள் வரும் நாளில் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இல்லாத வெறும் கம்பியை மாட்டுங்கள். மழைக்காலத்தில் துரு ஏறும், மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணி கண்ணாடிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெண் குழந்தைக்குக் கோல்கள் எதுவும் பிடிக்கவில்லை. நடு நட்டைக் கையால் திருகிக்கொண்டே இன்னொரு கையால் கம்பியைச் சுண்டினாள். சுரம் வழுக்கிக்கொண்டே இறங்கியது. ரி மோகனத்தை விட்டுக் கீழே எங்கேயோ போய் நின்றது, அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே 13 ஸ்பேனரை ஒரு முழம் நூலில் கட்டிப் பட்டையோடு தொங்கவிட்டேன்.